அம்புக்குறிக்கு விளக்கம் கேட்ட பயிலரங்கு: ஆறு வார இணையவழி வகுப்பு பற்றிய மதிப்புரை

நேர்காணல், கவனிப்பு போன்றவற்றின் வழியே செய்யும் பண்புசார் ஆய்வில் புதிதாக இறங்குபவர்களுக்காக இணையவழியில் ஆறு வாரம் நடத்தப்படும் கருத்துச் சட்டகப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்து அண்மையில் முடித்தேன். சேர்ந்ததற்குக் காரணம் என் நெறியாளர் எழுதிய ஒரே ஒரு வரி. ஆய்வு முன்மொழிவின் இரண்டாம் இயலை 40 பக்கத்துக்கு எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன், கடைசிப் பக்கத்தின் அடியில் ‘யார் யார் என்ன சொன்னார்கள் என்பது தெரிகிறது, நீங்கள் எதைக்கொண்டு பார்க்கப் போகிறீர்கள்?’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அதற்கு விடை தேடித்தான் கட்டணம் கட்டினேன். பயிலரங்கில் பாராட்ட வேண்டியதும் உண்டு, பொறுத்துக்கொள்ள முடியாததும் உண்டு. பின்னதையும் எழுத வேண்டியிருப்பதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு அமர்வுகள். முதலாவது அனைவருக்கும் பொதுவான ஒன்றரை மணி நேர விரிவுரை. இரண்டாவது எட்டுப் பேர் கொண்ட சிறு குழு. ஒரு வழிகாட்டி முன்னிலையில் அவரவர் எழுதியதைத் திரையில் வைத்து ஒரு மணி நேரம் விவாதிப்போம். ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சியை எழுதி அனுப்ப வேண்டும், ஐந்து நாளுக்குள் கருத்துரை வந்துவிடும் என்பது வாக்குறுதி. இடையில் ஒருமுறை அரை மணி நேரத் தனி ஆலோசனையும் உண்டு. என் ஆய்வுப் பொருள், பணிக்குப் புதிதாக வந்த செவிலியர்கள் இரவுப் பணியில் தமக்கு எழும் சந்தேகங்களை யாரிடம், எப்படிக் கேட்கிறார்கள் என்பது. நானும் இரண்டு ஆண்டு அந்த வேலை பார்த்தவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது தேவைப்படும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘கருத்தியல் சட்டகம்’ என்று பலர் எழுதுகிறார்கள். தமிழில் கருத்தியல் என்றால் அரசியல் சித்தாந்தம் நினைவுக்கு வருவதால் நான் ‘கருத்துச் சட்டகம்’ என்றே எழுதுகிறேன். சட்டகம் என்ற பாதியும் சிக்கலற்றதன்று. படச்சட்டம், கதவுச்சட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, முதலில் நாற்புறமும் சட்டத்தை அடித்துவிட்டுப் பிறகு தரவை உள்ளே பொருத்துவதுதான் வேலை என்று தோன்றிவிடுகிறது. முதல் வாரத்தில் எங்கள் குழுவில் எட்டுப் பேரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்த எண்ணத்தை முதல் விரிவுரை நன்றாகவே அசைத்தது. பண்புசார் தரவுப் பகுப்பாய்வு பற்றி எழுதிய மைல்ஸும் ஹூபர்மனும் 1984இல் கொடுத்த விளக்கத்திலிருந்து விரிவுரையாளர் தொடங்கினார்: ஆய்வு செய்யப்போகும் முக்கியமான கூறுகள் எவை, அவற்றுக்கு இடையே இருப்பதாகக் கருதப்படும் உறவுகள் எவை என்பதை வரைபடமாகவோ எழுத்தாகவோ விளக்குவதே கருத்துச் சட்டகம். ‘எழுத்தாகவோ’ என்ற சொல்லை அவர் இரண்டு முறை வாசித்தது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வரைபடம் இல்லாவிட்டால் சட்டகமே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்து, பண்புசார் ஆய்வு வடிவமைப்பு பற்றி எழுதிய ஜோசப் மேக்ஸ்வெல் சொல்லும் நான்கு ஊற்றுகளுக்கு வந்தார்: ஆய்வாளரின் சொந்த அனுபவ அறிவு, ஏற்கெனவே உள்ள கோட்பாடுகளும் ஆய்வுகளும், முன்னோட்ட ஆய்வு, ‘இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று மனத்துக்குள் நடத்திப் பார்க்கும் சிந்தனைச் சோதனை. கோட்பாட்டுச் சட்டகம் இவற்றுள் இரண்டாவதிலிருந்து வருவது. கருத்துச் சட்டகம் நான்கையும் கொண்டு நாமே கட்டுவது. இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அன்று மாலையே அவர்கள் அனுப்பி வைத்த படிவத்தை என்னவென்று சொல்வது! இடமிருந்து வலமாக மூன்று பெட்டிகள்: சாரா மாறி (காரணமாகக் கொள்வது), இடையீட்டு மாறி (இரண்டுக்கும் இடையில் நிற்பது), சார்ந்த மாறி (விளைவு), நடுவில் இரண்டு அம்புகள், ‘உங்கள் ஆய்வுக்கேற்ப நிரப்பவும்’ என்று ஒரு குறிப்பு. எண்ணில் அளந்து பார்க்கும் அளவுசார் ஆய்வுக்காக எப்போதோ தயாரித்த படிவத்தின் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும், பார்க்கத் தெரிந்தவருக்கு. எனக்குத் தெரியவில்லை. நல்ல மாணவியாக முதல் பெட்டியில் ‘பணி அனுபவம்’, இரண்டாவதில் ‘தன்னம்பிக்கை’, மூன்றாவதில் ‘கேள்வி கேட்கும் நடத்தை’ என்று நிரப்பி, போதாதென்று கீழே ‘நிர்வாக ஆதரவு’ என்றொரு பெட்டியும் சேர்த்து, மொத்தம் ஏழு அம்புகளுடன் அனுப்பி வைத்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் வினாநிரல் ஒன்றைத் தயாரித்து முந்நூறு பேருக்கு அனுப்பியிருக்கலாமே ஒழிய, ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டிருக்க முடியாது.

இரண்டாம் வாரம் படித்தவற்றைச் சுருக்குவதை விட்டுவிட்டு வாதமாக்குவது பற்றியது. எளிய பயிற்சி ஒன்று கொடுத்தார்கள்: படித்ததில் பத்துக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுத வேண்டும், ஆனால் எந்த வாக்கியமும் ஆசிரியர் பெயரில் தொடங்கக் கூடாது. செய்து பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். ‘இன்னார் கூறுகிறார், இன்னார் கண்டறிந்தார்’ என்ற ஊன்றுகோல் பறிபோனதும், என் 40 பக்கத்தில் எனக்கென்று சொல்ல ஐந்து வாக்கியம்கூட இல்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது.

அதே வாரக் குழு அமர்வில்தான் என் கருத்துகளின் தேர்வும் அடி வாங்கியது. மூன்றை வைத்திருந்தேன்: 1983இல் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் முன்வைத்த உணர்ச்சி உழைப்பு (வேலைக்காக உணர்ச்சியை அடக்குவதும் வரவழைப்பதும்), 1991இல் ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் விளக்கிய விளிம்பிலிருந்து பங்கேற்றுக் கற்றல் (புதியவர் சிறு வேலைகளில் தொடங்கிப் படிப்படியாக உள்ளே வந்து கற்பது), 1999இல் ஏமி எட்மண்ட்சன் எழுதிய உளவியல் பாதுகாப்பு (கேட்டாலோ தவறைச் சொன்னாலோ அவமானப்பட நேராது என்ற நம்பிக்கை). மூன்றும் பெரிய பெயர்கள், மூன்றும் என் பொருளுக்கு அருகில் இருப்பவை, ஆகவே மூன்றும் வேண்டும் என்பதே என் தர்க்கம். வழிகாட்டி கேட்டார்: “மூன்றும் எதைப் பற்றிப் பேசுகின்றன? ஆளைப் பற்றியா, குழுவைப் பற்றியா, வேலையைப் பற்றியா?” எட்மண்ட்சனின் அந்த ஆய்வு ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் 51 பணிக்குழுக்களை எடுத்துக்கொண்டது, அதில் உளவியல் பாதுகாப்பு என்பது ஒரு குழுவினர் கூட்டாகக் கொண்டிருக்கும் நம்பிக்கை. நானோ வெவ்வேறு வார்டுகளில் பணியாற்றும் தனித்தனிச் செவிலியர்களைச் சந்திக்கத் திட்டமிட்டிருந்தேன். குழுவின் பண்பு ஒன்றைத் தனியாளின் மனநிலையாகக் குறுக்கிவிட்டு, அந்தப் பெயரையே பயன்படுத்துவது சரியா என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. “கருத்தைக் கடன் வாங்கலாம்; அது எங்கே பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்” என்றார். மூன்றில் ஒன்றை விட்டேன், ஒன்றை ஓரத்துக்குத் தள்ளினேன், லேவ், வெங்கர் இருவரின் கருத்தை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் நூலகத்தில் நான் கழித்த இரண்டு மாதத்துக்குச் சமம்.

மூன்றாம் வாரம் இருப்பியல் (எது உண்மையில் இருக்கிறது என்ற கேள்வி), அறிவாய்வியல் (அதை எப்படி அறிகிறோம் என்ற கேள்வி), ஆய்வு நோக்குநிலைகள் என்று ஓடியது. விரிவுரை அலுப்பூட்டியது, பாடநூல் அட்டவணைகளைத் திரையில் காட்டி வாசித்தார்கள். அந்த வாரத்தில் உருப்படியாக இருந்தது, ஆய்வாளராகிய நாம் இந்தப் பொருளுக்கு எங்கிருந்து வந்து சேர்ந்தோம் என்பதை மூன்று பக்கம் எழுதச் சொன்ன பயிற்சி. குழுவில் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றார்கள். அதனாலேயே உண்மையை எழுத முடிந்தது. வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு மருந்தின் அளவைப் பற்றிச் சந்தேகம் கேட்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி ஏச்சு வாங்கினேன். அதை எழுதி முடித்தபோதுதான், கேட்பது நல்லது, கேட்காமலிருப்பது குறை என்ற தீர்ப்பை என் வரைபடத்தின் ஏழு அம்புகளிலும் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன் என்பது புரிந்தது. சார்ந்த மாறி என்ற பெட்டிக்குள் நான் வைத்திருந்தது என் சொந்த மனக்குறையைத்தான்.

நான்காம் வாரத்துக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். விரிவுரை கிடையாது, இரண்டு அமர்வுகளும் சிறு குழுவிலேயே நடந்தன. ஒவ்வொருவரும் தம் வரைபடத்தைத் திரையில் வைக்க வேண்டும். வழிகாட்டி பெட்டிகளைத் தொடவே இல்லை, அம்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சிவப்பில் வட்டமிட்டார். ஒவ்வோர் அம்புக்கும் மூன்று கேள்விகள். இந்த அம்பை வினைச்சொல் உள்ள ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை எதன் பலத்தில் சொல்கிறீர்கள்: படித்ததா, பார்த்ததா, ஊகமா? இது தவறாக இருந்தால் களத்தில் உங்களுக்கு என்ன கண்ணில் படும்?

என் முதல் அம்பு பணி அனுபவத்திலிருந்து தன்னம்பிக்கைக்குப் போனது. “பணி அனுபவம் தன்னம்பிக்கையை…” என்று தொடங்கி, அதிகரிக்கிறது என்பதா, உருவாக்குகிறது என்பதா, தாங்குகிறது என்பதா என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. திரையில் அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் இருந்தது, மற்ற ஏழு பேரும் அமைதியாக இருந்தார்கள், ஒருவருடைய மின்விசிறிச் சத்தம் மட்டும் ஒலிவாங்கி வழியே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ‘இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை’ என்றேன். “எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையவைதான், அதைக் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை” என்றார். ஏழு அம்புகளில் அன்று பிழைத்தவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுக்கு ‘ஊகம்’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஊகம் இருப்பது தவறில்லை, அதற்கு ஊகம் என்று பெயர் எழுதாமல் விடுவதுதான் தவறு என்பது அவர் கட்சி. மூன்றாவது கேள்வியைத்தான் நான் இன்றும் பயன்படுத்துகிறேன். தவறாக இருந்தால் என்ன கண்ணில் படும் என்று சொல்ல முடியாத அம்பு, நேர்காணலில் எதைக் கேட்டாலும் தனக்கு ஆதரவாகவே எடுத்துக்கொள்ளும்.

இதே வாரத்தில் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் 1954இல் செய்த பாகுபாட்டையும் கற்பித்தார்கள்: எதைப் பார்க்க வேண்டும் என்று விதிக்கும் திட்டவட்டமான கருத்துகள் ஒரு வகை, எந்தத் திசையில் பார்க்கலாம் என்று மட்டும் உணர்த்தும் கருத்துகள் இன்னொரு வகை. இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அந்த மூன்று பெட்டிப் படிவத்தை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். பாடத்தின் வரிசையை அமைத்தவர் ஒருவர், படிவத்தைத் தயாரித்தவர் வேறொருவர், இருவரும் பேசிக்கொள்வதில்லை என்ற எண்ணம் எனக்குக் கடைசிவரை போகவில்லை.

அந்த எண்ணத்தை வலுப்படுத்திய சம்பவம் ஒன்றும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் முறையைப் பின்பற்றுபவர். களத்துக்குப் போகும் முன்பே சட்டகம் வைத்துக்கொள்வது அந்த முறைக்கு முரணாகாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1967இல் அந்த முறையைச் சேர்ந்து முன்வைத்த கிளேசரும் ஸ்ட்ராஸும் பிற்காலத்தில் வேறுவேறு வழியில் போனார்கள். முன்பே படித்துவிட்டு வருவதை எவ்வளவு அனுமதிக்கலாம் என்பது அவர்களுக்குள் விழுந்த பிளவுகளில் ஒன்று. பயிலரங்கில் ஒரு வழிகாட்டி ‘உங்களுக்குச் சட்டகமே தேவையில்லை’ என்றார், இன்னொருவர் ‘சட்டகம் இல்லாமல் முன்மொழிவு ஏற்கப்படாது’ என்றார். இரண்டிலும் உண்மை இருக்கலாம், ஆனால் அந்த நண்பருக்கு யாரும் இரண்டையும் சேர்த்து வைத்து விளக்கவில்லை. ஐந்தாம் வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

என் தனி ஆலோசனையும் இதே கதைதான். அளவுசார் ஆய்வில் தேர்ந்த ஒருவரை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு அம்பாகச் சுருங்கியிருந்த என் சட்டகத்தைப் பார்த்துவிட்டு, ‘கட்டுப்பாட்டு மாறிகள் எங்கே?’ என்று, அளவுசார் ஆய்வில் விளைவைக் குழப்பாதபடி கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிற காரணிகளைக் கேட்டார். அவர் மேல் தவறில்லை, ஒதுக்கியவர்கள் மேல்தான். முறையிட்டபோது வேறொருவருடன் 20 நிமிடம் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஐந்து நாளில் வர வேண்டிய கருத்துரை மூன்றாம் வாரத்தில் 12 நாள் கழித்து வந்தது, அதாவது நான்காம் வாரப் பயிற்சியை அனுப்பிய பிறகு. அதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல்கூட இல்லை.

ஐந்தாம் வாரம், சட்டகத்திலிருந்து நேர்காணல் வினாக்களுக்கு நகர்வது. ஒரே விதிதான்: கருத்தின் பெயர் வினாவில் வரக் கூடாது. ‘மூத்தவர்களிடம் கேட்பதற்கு உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘கடைசியாக ஒரு சந்தேகம் வந்த இரவை முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்றால் கதை வரும். அந்த வாரம் ஒருவரையாவது சந்தித்துப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். நான் சந்தித்தவர் பணியில் சேர்ந்து ஐந்து மாதமே ஆனவர். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள் என்று நான் கேட்காததால், கேட்காமல் விட்ட ஓர் இரவைப் பற்றித் தானாகவே சொன்னார். நினைவில் வைக்க வேண்டிய சந்தேகங்களைக் கையுறைப் பெட்டியின் பக்கவாட்டில் பேனாவால் சிறிதாக எழுதி வைப்பாராம். விடியற்காலையில் பணி ஒப்படைக்கும் நேரத்தில், அடுத்து வரும் தோழி அவற்றைப் பார்த்துவிட்டுத் தெரிந்ததற்குப் பதில் எழுதுவாராம். பெட்டி காலியானால் அந்த அட்டையைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்வாராம். யாரும் யாரிடமும் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை, ஆனால் அங்கே ஒரு வகுப்பே நடந்துகொண்டிருந்தது.

என் பழைய வரைபடத்தில் இதற்கு இடமே இல்லை. தன்னம்பிக்கைக் குறைவு, அதனால் கேள்வி இல்லை என்று ஒரு கோடு போட்டு முடித்திருப்பேன். விளிம்பிலிருந்து பங்கேற்றல் என்ற கருத்தை நடுவில் வைத்திருந்ததால், வாய்ப்பேச்சைத் தவிர்த்த இந்த எழுத்துப் பரிமாற்றத்தையும் பங்கேற்பாகப் பார்க்க முடிந்தது. சட்டகமும் அந்த வாரமே மாறியது: ‘யாரிடம் கேட்கிறார்கள்’ என்ற பெட்டியை அழித்துவிட்டு ‘தெரியாததை எங்கே வைத்துக்கொள்கிறார்கள்’ என்று எழுதினேன். களத்துக்குப் போன பிறகு சட்டகம் மாறுவது தோல்வி என்றல்லவா அதுவரை நினைத்திருந்தேன்! மாற்றும்போதெல்லாம் தேதியிட்டு, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. பின்னால் முறையியல் இயலை எழுதும்போது அந்தக் குறிப்புகளே பாதி வேலையை முடித்துவிடும் என்பது அவர் அனுபவம்.

ஆறாம் வாரம் வீண். வரைபடம் தீட்டும் மென்பொருள்களைப் பற்றிய செயல்விளக்கம், வண்ணத் தேர்வு, சான்றிதழ் வழங்கல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் 1970களில் உருவாக்கிய கருத்து வரைபட முறையை இந்த வாரத்தில் மென்பொருளுக்கான முன்னுரையாக மட்டும் தொட்டுவிட்டுப் போனார்கள். அந்த முறையில் ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல் எழுதியாக வேண்டும். பெட்டி, கோடு, பெட்டி என்று வாசித்தால் முழு வாக்கியம் கிடைக்கும். நான்காம் வாரத்தில் எங்களை அவ்வளவு பாடுபடுத்திய பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அதைத் தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டில் வைத்துவிட்டார்கள்.

யார் சேரலாம்? ஓரளவு படித்து முடித்து, இன்னும் களத்துக்குப் போகாதவர்களுக்கு இது பொருந்தும். படிக்கவே தொடங்காதவர்களுக்கு இரண்டாம் வாரத்திலேயே மூச்சு முட்டும். நேர்காணல்களை எல்லாம் முடித்துவிட்டு, ஆய்வேட்டில் ஒரு படம் வேண்டுமே என்பதற்காக வருபவர்களும் உண்டு, எங்கள் குழுவிலும் ஒருவர் இருந்தார். அவருக்கு அம்புப் பயிற்சி பயன்பட்டது, ஆனால் பதில் சொல்ல முடியாத அம்புகளை எடுத்துவிட்டால் தன் முடிவுரை நிற்காது என்று தெரிந்து மிகவும் கலங்கிப்போனார். அளவுசார் ஆய்வு செய்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

திருத்திய இயலை நெறியாளரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுத்தான் திரும்பி வந்தது. 40 பக்கம் 22 ஆகச் சுருங்கியிருந்தது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊகம் என்று நான் குறித்திருந்த அம்பைப் பென்சிலால் வட்டமிட்டு, ‘இதை எப்படிச் சோதிப்பீர்கள்?’ என்று எழுதியிருக்கிறார். விடை என்னிடம் இருக்கிறது. சேர நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வகுப்புப் பதிவுகளைப் பயிலரங்கு முடிந்த 30ஆம் நாள் அழித்துவிடுகிறார்கள். நான்காம் வாரப் பதிவு இரண்டையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றைத் தவறவிட்டேன்.